பேச்சியம்மாளின் பெட்டி

மோசடிக்காரனை எப்படி அடையாளம் காண்பது என்று இந்தப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோருமே என்னிடம் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. நான் பணியில் இருந்த காலத்தில் மோசடிக்காரர்களை நேரில் பார்த்தது மிகக் குறைவு. பார்த்த சிலரும் கூலிக்கு ஓடிய எடுபிடிகள். என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாம் ஏமாந்தவர்கள். ஆகவே நான் ஏதாவது கற்றுக்கொண்டேன் என்றால் அது ஏமாந்தவர்களைப் பற்றித்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரம் ஆரியசாலையில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்த வீட்டில் பிறந்தவள். சத்தமாகப் பேசுவேன், சீக்கிரம் கோபம் வரும். அங்கேயே நுகர்வோர் நலத் துறையில் சேர்ந்து, கடைசியில் இணைய வழிப் பண மோசடிப் புகார்களைக் கவனிக்கும் பிரிவில் வந்து விழுந்தேன். "தமிழ் கேஸ் ஆணோ? மேடத்துக்கு விடு" என்று மலையாளம் கலந்து கேட்டுச் சக ஊழியர்கள் தள்ளிவிடுவார்கள். வேலையில் பாதியாவது அப்படித் தள்ளிவிடப்பட்டு வந்ததுதான்.

இந்தப் பிரிவில் என் முதல் மேலதிகாரி அதிகம் பேசாத மனிதர். புகார் கொடுக்க வருகிறவரிடம் எவ்வளவு போயிற்று என்று முதலில் கேட்கக் கூடாது என்பார். "இதை வீட்டில் யாரிடமாவது சொன்னீர்களா?" என்று கேட்கச் சொல்வார். ஒருமுறை நான் பொறுமையில்லாமல், "அது எதுக்கு சார், வங்கிக்குத் தகவல் சொல்ற நேரத்துல?" என்று கேட்டுவிட்டேன். "யாரிடமும் சொல்லாதவர் இங்கிருந்து நேரே வீட்டுக்குப் போவார் என்று உனக்கு நிச்சயமா?" என்றார். அன்றிலிருந்து ஒரு கையால் வங்கியின் தொலைபேசி எண்ணை அழுத்திக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகினேன். நீங்களும் பழகுங்கள்.

நான் சொல்ல வந்த சம்பவம் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து பேசுவதாக ஒருவன் சொல்லியிருக்கிறான். ஆயுள் சான்றிதழைப் புதுப்பிக்காவிட்டால் அடுத்த மாதம் ஓய்வூதியம் நின்றுவிடும் என்று பயமுறுத்தியிருக்கிறான். இவரும் கைப்பேசிக்கு வந்த எண்ணை அவனுக்கு வாசித்துக் காட்டிவிட்டார். சேமிப்பு மொத்தமும் போய்விட்டது. யானைக்கும் அடி சறுக்கும் அல்லவா?

"ஆத்துல யாருக்காவது தெரியுமா சார்?" என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான். என் பையனண்ட எந்த மூஞ்சியை வச்சுண்டு சொல்லுவேன்? நீங்களும் சொல்லிடாதேங்கோ" என்றார்.

அவர் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு உடனே அழைத்தது நல்லதாயிற்று. பணத்தில் ஒரு பகுதியை அது போய்ச் சேர்ந்த கணக்குகளிலேயே முடக்க முடிந்தது. மறுபகுதியை அதற்குள் நெடுமங்காட்டில் ஏடிஎம்மில் எடுத்துவிட்டார்கள். எடுத்தவன் தலைக்கவசத்தைக் கழற்றவே இல்லை.

பணம் சென்ற கணக்குகள் எல்லாம் மலையடிவாரத்தில் விதுராவில் உள்ள ஒரே வங்கிக் கிளையில் இருந்தன. எல்லாம் பெண்கள் பெயரில், எல்லாம் தமிழ்ப் பெயர்கள். முகவரியும் ஒன்றே, பொன்முடியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம். லயம் என்றால் உங்களுக்குத் தெரியும், தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுக்கும் ஒட்டு வீட்டு வரிசை. கோப்பு வழக்கம்போல என்னிடம் தள்ளிவிடப்பட்டது.

சைபர் பிரிவு இன்ஸ்பெக்டர் ஒருவருடன் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போனேன். இளைஞர், கெட்டிக்காரர், வேகமானவர். நாங்கள் போன நேரம் சம்பளத்துக்குச் சற்று முன். கணக்குகளை முடக்கியிருந்ததால் அந்தப் பெண்கள் முந்தைய சம்பளத்தில் மிச்சம் வைத்திருந்ததும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இறங்கியவுடன் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்க காசை எதுக்கு சாரே பூட்டி வச்சிருக்கீங்க? நாங்க என்ன களவா பண்ணினோம்?" என்று முன்னால் வந்து கேட்டவள் பெயர் செல்வி. கேரளத்தில் அதிகாரி பெண்ணாக இருந்தாலும் 'சாரே'தான்.

"உங்க ஏடிஎம் கார்டெல்லாம் எங்கே?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஒரு காலைச் சற்று இழுத்து நடக்கும் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் பேச்சியம்மாள். மலைச்சரிவில் விழுந்து கால் ஒடிந்த பிறகு கொழுந்து பறிக்க முடியாமல், தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்தாள்.

அந்த லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏடிஎம் விதுராவில் இருக்கிறது. பஸ் எப்போதாவது வரும். பணம் எடுக்கப் போனால் அன்றைய கூலி போய்விடும். அதனால் சம்பள நாளில் எல்லோருடைய கார்டுகளையும் பேச்சியம்மாள் மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போய், அவரவர் பணத்தை எடுத்து, வரும் வழியில் அவரவருக்கு வேண்டிய அரிசி பருப்பையும் வாங்கி வருவாள். எல்லோருடைய ரகசிய எண்ணும் அவள் மனதில் இருக்கும். மற்ற நாட்களில் கார்டுகள் அவளுடைய தகரப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். வீட்டில் இருந்தால் குடிகாரக் கணவன்மார் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பேச்சியம்மாளின் பெட்டியில் கைவைக்கும் துணிச்சல் எந்த ஆண்பிள்ளைக்கும் இல்லை. செல்வியின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது அந்தப் பெட்டியின் புண்ணியத்தில்தான் என்று செல்வியே பிறகு என்னிடம் சொன்னாள்.

ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நாம் ஊர் ஊராக ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறோம். அந்தப் பெண்கள் அந்த எண்ணைச் சொல்லித்தான் தங்கள் சோற்றைக் காப்பாற்றி வந்தார்கள்.

"கார்டுகளை வேற யார்கிட்டயாவது கொடுத்தியா?" என்று இன்ஸ்பெக்டர் அத்தனை பேர் முன்னிலையில் கேட்டார்.

"இல்ல சாரே. என் பெட்டியிலதான் இருந்துச்சு. என் கையை விட்டு எங்கயும் போகல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"போகல" என்றாள் மறுபடியும். கண் கலங்கவில்லை. பார்வை மட்டும் தரையில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் என்னைத் தனியே அழைத்தார். "இனி ஆலோசிக்க ஒண்ணும் இல்ல மேடம். கார்டு அவ கையில, பின் நம்பர் அவளுக்குத் தெரியும், வேற யாருக்கும் கொடுக்கலன்னு அவளே சொல்றா. அப்ப அந்த ஹெல்மெட்காரன் அவ ஆளுதான். கேஸ் கழிஞ்ஞு, முடிஞ்சுது" என்றார். அவர் சொன்னதில் குற்றம் காண முடியாது. சட்டப்படி பார்த்தால் அவளை அப்போதே வண்டியில் ஏற்றியிருக்கலாம்.

எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. தப்பித்துக்கொள்ளப் பொய் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாட்டிக்கொள்வதற்காகப் பொய் சொல்லும் ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். கார்டு கை மாறியது என்று ஒரு வார்த்தை சொன்னால் பழி இன்னொருவன் மேல் போகும். அதைச் சொல்லாமல் இவள் ஏன் கழுத்தை நீட்டுகிறாள்? இதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. இன்ஸ்பெக்டரிடம், "கொஞ்சம் பொறுங்க. நான் அவ வீட்டுல ஒரு கட்டன் சாயா குடிச்சிட்டு வர்றேன்" என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

ஒரே அறைதான். மூலையில் அந்தப் பெட்டி. அவள் பால் இல்லாத தேநீரை நீட்டினாள்.

"பேச்சியம்மா, போலீசுக்குப் பயந்து நீங்க பேசாம இருக்கல. அது எனக்குத் தெரியுது. கார்டு கையை விட்டுப் போச்சுன்னு சொன்னா என்ன ஆகும்? அதை மட்டும் சொல்லுங்க."

அவள் மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஜெயிலுக்குப் போனா திரும்பி வரலாம் சாரே. பேச்சி கார்டைக் கண்டவன்கிட்ட தூக்கிக் கொடுத்துட்டான்னு இவளுக தெரிஞ்சுகிட்டா, அப்புறம் நான் இந்த லயத்துல எப்படி இருக்கது?"

அதன் பிறகு எல்லாம் வந்தது. விதுராவில் ஜீப் வைத்திருந்த ஒருவன் பழக்கமாகியிருக்கிறான். சம்பள நாளில் அரிசி மூட்டைகளோடு அவளை லயம் வரை இலவசமாகக் கொண்டுவந்து விட்டிருக்கிறான். அந்தக் காலோடு மூட்டையையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். பிறகு ஒருநாள் வீட்டுக் கடனைப் பற்றிப் பேசியிருக்கிறான். வரவு செலவு ஓட்டம் உள்ள கணக்குக்குத்தான் அரசு வீட்டுக் கடன் கொடுக்குமாம். ஓட்டத்தை அவன் கம்பெனி உண்டாக்கிக் கொடுக்குமாம். கார்டுகளையும் ரகசிய எண்களையும் காலையில் கொடுத்தால் மாலையில் திருப்பித் தந்துவிடுவானாம்.

தோட்டத் தொழிலாளிக்கு வீடு என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. வேலை நின்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். பரம்பரையாக அந்த மலையில் உழைத்தாலும் ஒரு சாண் மண் சொந்தமில்லை. "எனக்கு மட்டும்னா வேண்டாம்னு இருந்திருப்பேன் சாரே. எல்லாவளுக்கும் வீடு கிடைக்கும்னான். கிடைச்சப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்" என்றாள். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் ஜீப்பில் ஓர் இடம். வேறு ஒரு காசு கிடையாது. அதை நான் நம்பினேன்.

முக்கியமான விஷயம் கடைசியில் வந்தது. கணக்குகள் முடங்கியதும் அவன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சம்பள நாளில் இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு வங்கிக்கு வா, கூலிப் பணம் என்று மேனேஜரிடம் அழுது பூட்டைத் திறக்கச் சொல், நான் வெளியே ஜீப்பில் இருப்பேன் என்று சொல்லியிருக்கிறான். சம்பள நாள் நெருங்கியிருந்தது.

வெளியே வந்து இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். இவளைக் கைது செய்தால் அந்தச் செய்தி மலை இறங்குவதற்குள் அவன் பறந்துவிடுவான். இவளை வழக்கம்போலப் போக விடுங்கள், அவன் தானாக வருவான் என்றேன்.

"அவ அவனோட ஜீப்பில் ஏறிப் போயிட்டாலோ?"

"போனா என் பேரை எழுதிக்குங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

"மேடத்துக்கு ரிட்டயர் ஆக அதிக நாள் இல்லல்லே?" என்றார். பென்ஷனை வைத்துச் சூதாடுகிறேன் என்பதை மரியாதையாகச் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், அது ஒருத்தியின் முகத்தையும் ஒரு தம்ளர் தேநீரையும் நம்பி எடுத்த முடிவு. சரியாக வந்ததால் இப்போது பெருமையாகச் சொல்கிறேன். பிசகியிருந்தால் வலியசாலை ஆசிரியரின் முகத்தில் நான் விழித்திருக்க முடியாது.

சம்பள நாளில் நான் வங்கியில் வாடிக்கையாளர்போல உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்பெக்டர் எதிரே டீக்கடையில் இருந்தார். பேச்சியம்மாள் மஞ்சள் பையோடு வந்தாள். கூடச் செல்வியும் இன்னொரு பெண்ணும். கார்டுகள் கை மாறிய கதை அவர்களுக்கு அதுவரை தெரியாது. பேச்சியம்மாள் உள்ளே வந்து மேனேஜரிடம் பேசுவதுபோல் பேசிவிட்டு வெளியே போனாள். ஜீப் வருவதாக இல்லை. நான் எழுந்து வாசலுக்கு வந்து நின்றேன்.

கடைசியில் வந்தது. ஓட்டி வந்தவன் முப்பது வயதுகூட ஆகாதவன். "என்னக்கா, காரியம் நடந்தோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். பேசாமல் பையை அவனிடம் நீட்ட வேண்டும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்பதுதான் ஏற்பாடு. பேச்சியம்மாள் ஏற்பாட்டைக் காற்றில் விட்டாள். ஜீப்பின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"இந்தக் கார்டை என்கிட்ட இருந்து வாங்கிட்டுப் போனது நீதான்னு சொல்லு! வீடு தர்றேன்னு சொன்னது நீதான்னு இவளுக முன்னால சொல்லு!"

அவன் வண்டியைக் கிளப்பினான். அவள் விடவில்லை. கொஞ்ச தூரம் இழுபட்டாள். அதற்குள் இன்ஸ்பெக்டரும் ஆட்களும் குறுக்கே பாய்ந்து நிறுத்திவிட்டார்கள். முழங்கை தோல் உரிந்து ரத்தம் வந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கியபோது அவள் என்னைப் பார்க்கவில்லை, செல்வியைப் பார்த்தாள். ஜெயிலுக்குப் போனாலும் எதை மறைக்க வேண்டும் என்று நினைத்தாளோ அதை அவளே நடுத்தெருவில் சொல்லிவிட்டாள். செல்வி ஒன்றும் பேசாமல் மஞ்சள் பையைப் பறித்துத் தன் கார்டை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

பிடிபட்டவன் கடைசிப் படியில் நின்றவன். அவனுக்கு மேலே இருந்தவர்களை அவனே பார்த்ததில்லை, நாமும் பிடிக்கவில்லை. ஆசிரியருக்கு முடக்கிய பணம் கோர்ட் வழியாகத் திரும்ப வந்தது. மகனிடம் தானே சொல்லிவிட்டதாகவும், மகன் திட்டவில்லை என்றும் தொலைபேசியில் சொல்லி அழுதார். இன்ஸ்பெக்டர் பேச்சியம்மாளைச் சாட்சியாகச் சேர்த்தார், குற்றவாளிப் பட்டியலில் வைக்கவில்லை. நல்ல மனிதர், முதலில் முறைத்தாலும்.

பெண்களின் கூலிப் பணத்தை விடுவிக்கத்தான் நான் நாயாய் அலைந்தேன். ஒரு நொடியில் பூட்டத் தெரிந்த நமக்குத் திறக்க ஆறு அலுவலகத்தின் முத்திரை வேண்டியிருக்கிறது. பூட்டும்போதே உள்ளே யாருடைய கஞ்சி மாட்டிக்கொள்கிறது என்று பாருங்கள். வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பணம் வந்த பிறகு லயம் எப்படி இருக்கிறது என்று தோட்டத்து அலுவலகத்தில் விசாரித்தேன். ஜீப்காரன் பிடிபட்ட அன்று மாலையே எல்லோரும் கார்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார்களாம். பேச்சியம்மாளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். கார்டுகள் வீட்டுக்கு வந்ததும் கணவன்மாருக்குக் கொண்டாட்டம். செல்வியின் கணவன் ஒரு சம்பளம் முழுவதையும் குடித்துத் தீர்த்துவிட்டு, கேட்டவளை அடித்தும் இருக்கிறான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒருவர் குற்றவாளி என்று சொல்ல நம்மிடம் எத்தனையோ காகிதம் இருக்கிறது. ஒருத்தி திருடி அல்ல என்று அவளுடைய அண்டை வீட்டாரிடம் சொல்ல ஒன்றுமே இல்லை. ஆகவே அடுத்த சம்பளத்துக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அரசு வண்டி எடுக்காமல், நானாகப் பஸ் ஏறிப் பொன்முடிக்குப் போனேன். இப்போது நான் சொல்லப் போவதை நீங்கள் யாரும் செய்யக் கூடாது. செய்தால் மெமோ வரும், வர வேண்டும்.

லயத்துக்குக் கீழே பஸ் நிற்குமிடத்தில் பெண்கள் அவரவர் கார்டோடு நின்றிருந்தார்கள். பேச்சியம்மாள் தள்ளித் தனியே நின்றிருந்தாள். எல்லோரும் பார்க்க என் கைப்பையிலிருந்து என் ஏடிஎம் கார்டை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"பேச்சியம்மா, விதுராவுக்குத்தானே போறீங்க? எனக்கும் கொஞ்சம் பணம் எடுத்துட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்" என்று சொல்லி, ரகசிய எண்ணை அவள் காதில் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கார்டைப் பார்த்தாள். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள்.

செல்வி அன்று பஸ் ஏறவில்லை. பிள்ளைகள் காப்பகத்தின் வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். கன்னத்தில் புதிதாக ஒரு வீக்கம். "அவ வரலைன்னா என்ன பண்ணுவீங்க சாரே?" என்று கேட்டாள்.

"வந்தா நீ என்ன பண்ணுவே?" என்று திருப்பிக் கேட்டேன். அவள் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.

வெயில் சாய்ந்த பிறகு பஸ் வந்தது. பேச்சியம்மாள் காலை இழுத்து இழுத்து மேடேறி வந்தாள். கார்டையும் பணத்தையும் எல்லோர் முன்னிலையிலும் என் கையில் வைத்தாள். சாதித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். செல்வி வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள். கையில் அவளுடைய கார்டு.

"அக்கா, அவரு வெளியில போயிருக்காரு. வர்றதுக்குள்ள இதைப் பெட்டியில வச்சிடுக்கா. நான் அன்னைக்குப் பேசாமப் போனதை மனசுல வைக்காதே" என்றாள்.

பேச்சியம்மாள் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஆனால் கை கார்டை வாங்க நீளவில்லை.

"வேண்டாம் செல்வி. என்னால ஆகாது."

"எதுக்குக்கா? சார் கார்டை மட்டும் வாங்கினியே!"

"சார் காசு போனா சாருக்குக் கோவம் வரும், அவ்வளவுதான். உன் காசு போனா உன் பிள்ளைக பட்டினி. அன்னைக்கு அவன் கேட்டப்ப இதே கைதான் எடுத்துக் கொடுத்துச்சு. நாளைக்கு இன்னொருத்தன் வந்து கேட்டா கொடுக்காதுன்னு எனக்கு நிச்சயமில்ல."

அவளைப் பற்றி மற்றவர்களிடம் சாட்சி சொல்லத்தான் நான் வந்திருந்தேன். அவளைப் பற்றி அவளிடமே சாட்சி சொல்ல வேண்டியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. இத்தனை வருட அனுபவத்தில் எனக்கு அதற்கு வழி தெரியவில்லை. உங்களில் யாராவது கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள்.

பேச்சியம்மாள் உள்ளே போய்விட்டாள். கீழே பாதையில் செல்வியின் கணவன் வருவது தெரிந்தது. செல்வி கார்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடந்தாள்.